ஆஸ்பத்திரித் தவறுகளை ஆராய்கிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிகிச்சையில் நேரும் தவறுகளைப் பதிவு செய்வது, அவை ஏன் நேர்ந்தன என்று பார்ப்பது, மறுபடி நேராமல் இருக்க எதை மாற்றலாம் என்று யோசிப்பது, இவைதான் என் வேலை. நோயாளிகளின் வீட்டார், நர்சிங் மாணவிகள், புதிதாகச் சேரும் டாக்டர்கள், சொந்தக்காரர்கள் என்று யாரிடம் பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதே உடம்பு சரியாகத்தானே? அங்க என்ன பாதுகாப்புப் பிரச்சினை?"

வந்த நோயால் இல்லாமல், கொடுத்த சிகிச்சையாலோ கொடுக்காமல் விட்ட சிகிச்சையாலோ நோயாளிக்கு வரும் கெடுதலைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய ஊசி, பத்து மடங்கு கூடிப்போன டோஸ், பொருந்தாத ரத்தம், யூரின் டியூப் வழியாகப் பிடித்த தொற்று, திருப்பிப் படுக்க வைக்காததால் வந்த படுக்கைப் புண், கழிப்பறையில் வழுக்கி முறிந்த இடுப்பு, வந்து இரண்டு நாளாகியும் யாரும் பார்க்காத ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் இதில் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சிகிச்சை பெறுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு கெடுதல் நேர்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். நேரும் கெடுதல்களில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். நெஞ்சுவலியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து.

"தப்பு பண்ற டாக்டரையும் நர்ஸையும் வேலையை விட்டு எடுத்தா போதாதா? இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான், கோபத்தோடும் கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆளை மாற்றினால் தவறு நிற்குமா என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. பாஸ்டனில் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், மயக்க மருந்து கொடுப்பவர்களிடம் உட்கார்ந்து, ‘எங்கே தவறியது, எங்கே தவறப் பார்த்தது’ என்று கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். 1978-ல் வெளியான அந்த ஆய்வில் 359 சம்பவங்கள் இருந்தன. கருவி தானாகப் பழுதானது 14 சதவீதம்தான். 82 சதவீதத்தில் மனிதத் தவறு இருந்தது. அந்த மனிதத் தவறுகளோ ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தன: கழன்றுபோன சுவாசக் குழாய், தெரியாமல் திருகப்பட்ட வாயுக் குமிழ், ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு சிரிஞ்சுகள். வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் அந்த இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். அதை ரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் போய்விட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைக்கு முதுகில் போட வேண்டிய வேறொரு மருந்தும் அதே சிகிச்சையில் உண்டு. இரண்டும் சிரிஞ்சில் வந்தால் என்ன ஆகும்? பல நாடுகளில், பெயர்பெற்ற மருத்துவமனைகளில், தேர்ந்த டாக்டர்களின் கையாலேயே மாறிப்போனது. எச்சரிக்கை லேபிள் ஒட்டினார்கள், அப்புறமும் நடந்தது. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சிலேயே தராமல் சின்ன டிரிப்ஸ் பையில் கலந்து கொடுங்கள் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு பை திரவத்தை முதுகு ஊசியில் ஏற்ற யாருக்கும் கை வராது. டாக்டர் எவ்வளவு களைத்திருந்தாலும் அந்தப் பை குழந்தையைக் காப்பாற்றும்.

பொட்டாசியம் குளோரைடு கதையும் இதேதான். நீர்க்காமல் நேரடியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் ஆம்பூல் பார்வைக்குச் சாதாரண உப்புநீர் ஆம்பூல் போலவே இருக்கும். ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று சொல்வதைவிட, வார்டு அலமாரியிலிருந்தே அதை எடுத்து மருந்தகத்தில் பூட்டி வைப்பது பலன் தந்தது.

"எப்போ இருந்து இதையெல்லாம் ஆராயறாங்க?"

வியன்னாவில் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்த கையோடு பிரசவம் பார்த்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது. சக டாக்டர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நம் கையா நோயைக் கொடுக்கிறது என்ற எண்ணம் அவர்களைத் தடுத்தது.

இன்றைய அர்த்தத்தில் தொடங்கியது 1990-களில். நியூயார்க் மாநிலத்தின் 51 மருத்துவமனைகளில் 1984-ம் ஆண்டின் 30,000-க்கும் மேற்பட்ட கேஸ் ஷீட்டுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் படித்து 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். 3.7 சதவீத நோயாளிகளுக்குச் சிகிச்சையால் கெடுதல் நேர்ந்திருந்தது. அதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் அலட்சியம் என்று சொல்லக்கூடியது. இந்தக் கணக்குகளை வைத்து, மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை 1999-ல் சொன்னபோதுதான் அரசுகள் கவனித்தன. 2019 முதல் செப்டம்பர் 17 உலக நோயாளிப் பாதுகாப்பு நாள்.

"எலியை வெச்சு, டெஸ்ட் டியூப் வெச்சு பண்ற ஆராய்ச்சியா இது?"

இல்லை. இந்தத் தவறுகளை ஆராய்கிறவர்களுடைய ஆய்வுக்கூடம் வார்டுதான். பழைய கேஸ் ஷீட்டுகளைப் படிப்பார்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்று, ஒரு நர்ஸ் மருந்து கலக்கும்போது எத்தனை முறை கூப்பிடப்படுகிறார் என்று எண்ணுவார்கள். ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுக்கும் சம்பவ அறிக்கைகளை அலசுவார்கள். டாக்டர்களும் நர்சுகளும் மட்டுமில்லாமல் பொறியாளர்கள், உளவியல் படித்தவர்கள், புள்ளியியல் வல்லுநர்கள், மருந்தாளுநர்கள் எல்லாரும் இதில் இருக்கிறார்கள்.

ஒரு மாற்றம் பலன் தருகிறதா என்று சோதிக்கும்போது மட்டும் ஒரு சிக்கல். புது மாத்திரையை ஒரு நோயாளிக்குக் கொடுத்து அடுத்தவருக்குக் கொடுக்காமல் விடலாம். ஆனால் ஒரே வார்டில் ஒரு நோயாளிக்கு மட்டும் புது முறையில் வேலை செய்யுங்கள் என்று நர்ஸிடம் சொல்ல முடியாது. அதனால் மருத்துவமனைகளையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புது முறை, மறுபாதியில் பழைய முறை என்று ஒப்பிடுவார்கள். ‘முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு’ என்று மட்டும் சொல்லும் ஆய்வைவிட இதை நான் அதிகம் நம்புவேன். காரணம் கீழே செக்லிஸ்ட் பற்றிய கேள்விகளில் வரும்.

"கை கழுவறது எல்லாம் ஒரு ஆராய்ச்சியா?"

கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கழுவுவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் பார்த்தபோது, வேலை அதிகமாக ஆக கை கழுவுவது குறைந்தது. ஐ.சி.யூ. நர்ஸ் ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டுமானால் அவருடைய பணி நேரத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அதனால் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் திரவத்தை வைத்தார்கள். 1994-லிருந்து 1997-க்குள் கை சுத்தம் செய்யும் விகிதம் 48-லிருந்து 66 சதவீதமானது. மருத்துவமனையில் தொற்றிய நோயாளிகள் 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள். இன்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டில் முனையில் தொங்கும் பாட்டில் அந்த வழியில் வந்ததுதான்.

கையுறை போட்டிருக்கிறாரே, போதாதா என்றும் கேட்பார்கள். ஒரு நோயாளியைத் தொட்ட அதே கையுறையோடு அடுத்தவரைத் தொட்டால் கழுவாத கைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

"ஒரு செக்லிஸ்ட் காகிதம் உயிரைக் காப்பாத்திடுமா?"

காப்பாற்றிய கதை அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்தது. ஐ.சி.யூ.வில் கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் மருந்து ஏற்ற ஒரு மெல்லிய டியூப் போடுவார்கள், அதுதான் சென்ட்ரல் லைன். அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை டாக்டரான பீட்டர் ப்ரோனோவாஸ்ட், நீளமான வழிகாட்டு நெறிகளிலிருந்து ஐந்து வேலைகளை மட்டும் பொறுக்கினார். கை கழுவு, நோயாளியை முழுக்கப் போர்த்தி நீயும் முகக்கவசம், தொப்பி, அங்கி போட்டுக்கொள், தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு. எதுவும் புதிதில்லை. ஆனால் நர்சுகளைக் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட தடவைகளில் ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது.

மிச்சிகன் மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இதைச் செய்தார்கள். 2006-ல் வந்த முடிவுப்படி, சென்ட்ரல் லைன் இருந்த ஒவ்வொரு 1,000 நாளுக்கும் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. ஐ.சி.யூ.க்களில் குறைந்தது பாதியில் மூன்றே மாதத்தில் தொற்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

காகிதம் தனியாக இதைச் செய்துவிடவில்லை. தேவையான பொருள் எல்லாம் ஒரே வண்டியில் கிடைக்கும்படி வைத்தார்கள். தொற்று எண்ணிக்கையைத் தவறாமல் வார்டுக்குத் திருப்பிக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் ஒரு படியை விட்டால் ‘நிறுத்துங்க’ என்று சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்து, நிர்வாகம் அவர் பக்கம் நின்றது. நம் ஊரில் ஒரு சிஸ்டர் ஒரு பெரிய டாக்டரிடம் இதைச் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஐந்து வரிகளைவிட அந்த அனுமதி கனமானது என்பது என் எண்ணம்.

"ஆபரேஷன் தியேட்டர்ல பேரைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் பேரு கூடவா தெரியாது?"

தெரியும். தெரிந்தே கேட்கிறார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான 19 வரி செக்லிஸ்டை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் எல்லாரும் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும்: யார் இவர், எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது, ஆன்டிபயாடிக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா, பஞ்சும் கருவியும் கணக்கு சரியா. அணியில் உள்ளவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்வதும் அதில் ஒரு வரி. பெயர் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், அப்புறம் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பேசத் தயங்குவது குறையும் என்பதுதான் காரணம்.

புது தில்லி, அம்மான், மணிலா, தான்சானியாவின் இஃபகாரா, டொரன்டோ, ஆக்லாந்து, லண்டன், சியாட்டில் என்று எட்டு ஊர்களில் அறுவை சிகிச்சை டாக்டர் அதுல் கவாண்டே தலைமையில் சோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவில் அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

"அப்ப செக்லிஸ்ட் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாம் பாதுகாப்பானதுன்னு எடுத்துக்கலாமா?"

வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இதே அறுவை செக்லிஸ்டைக் கொண்டுவந்தன. 2014-ல் வெளியான ஆய்வில் இறப்பு 0.71-லிருந்து 0.65 சதவீதம் ஆகியிருந்தது. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. செக்லிஸ்ட் வேண்டும் என்ற உத்தரவு மேலிருந்து வந்தது, ‘செய்தோம்’ என்று எல்லாரும் டிக் போட்டார்கள். நின்று பேசினார்களா என்பதை அந்த டிக் சொல்லாது.

இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் உத்தரப் பிரதேசத்தில் நடந்த ‘பெட்டர்பர்த்’ ஆய்வு. பிரசவத்துக்கான செக்லிஸ்ட் ஒன்றை 60 மையங்களில் கொடுத்து, கூடவே பயிற்சியாளர்கள் எட்டு மாதம் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு 60 மையங்களில் வழக்கம்போல வேலை நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். செய்ய வேண்டிய 18 வேலைகளில் 42 சதவீதம் நடந்த இடத்தில், இரண்டே மாதத்தில் 73 சதவீதம் நடந்தது. ஆனால் 2017-ல் முடிவு வந்தபோது தாய் சேய் இறப்பும் கடும் சிக்கலும் சேர்ந்த கணக்கு ஒரு பக்கம் 15.1 சதவீதம், மறுபக்கம் 15.3 சதவீதம். குறையவே இல்லை. பயிற்சியாளர்கள் போனதும் வேலைகளும் 62 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. கை கழுவுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் செக்லிஸ்ட் கூட்டும். மூச்சுவிடாத குழந்தையை மீட்கத் தெரிந்த கையையும், ராத்திரியில் சிசேரியன் செய்யும் வசதியையும் அது கொண்டுவராது.

முன்பு, பின்பு கணக்கைவிடக் குலுக்கல் முறையை ஏன் நம்புகிறேன் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஒப்பிடுவதற்கு அந்த இன்னொரு 60 மையங்கள் இல்லாமல் போயிருந்தால், இந்த உண்மை தெரிந்திருக்காது.

"இவ்ளோ செலவு பண்ணி, பலன் இல்லைன்னு கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

அடுத்தவர்கள் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்தது. தாய்மார் இறப்புக்கு உலகெங்கும் முதல் காரணம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. கண்ணால் பார்த்து ‘கொஞ்சம்தான் போயிருக்கு’ என்று மதிப்பிடும்போது பாதிக்குப் பாதி தவறிவிடுகிறது. அதனால் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டினால் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி உள்ளிட்டோர் நடத்திய இ-மோட்டிவ் ஆய்வு அது. 2023-ல் முடிவு வந்தது. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் இறப்பது மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்த இடத்தில் 1.6 சதவீதம்தான் இருந்தது.

இப்படி ரத்தம் அளக்கும் விரிப்பு கர்நாடகத்தின் பெல்காமில், கிராமத்துப் பிரசவங்களில் 2006-க்கு முன்பே பயன்பட்டது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. நம் பக்கத்து மாநிலத்து நர்சுகளின் கையில் இருந்த பொருள் அது.

"கம்ப்யூட்டர் வந்துட்டா தப்பே நடக்காதுல்ல?"

சில தவறுகள் குறையும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பார்கோடு வைத்துச் சரிபார்க்கத் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதில் வரும் தவறுகள் (நேரம் தவறியதைக் கணக்கில் சேர்க்காமல்) 41 சதவீதம் குறைந்தன. 2010-ல் வெளியானது.

ஆனால் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்துச் சீட்டைக் கணினிக்கு மாற்றியபோது, வேறு இடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.8 சதவீதத்திலிருந்து 6.57 ஆக ஏறியது. குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும்வரை மருந்து எழுதவே முடியாது. முன்பெல்லாம் வழியில் வரும்போதே தயாராகிவிடும். டாக்டரும் நர்சும் படுக்கையை விட்டு நகர்ந்து திரை முன்னால் உட்கார்ந்தார்கள். அதே மென்பொருளைச் சியாட்டிலில், இந்தச் சிக்கல்களை முன்பே யோசித்து, பழக்கிவிட்டுப் போட்டார்கள், இறப்பு கூடவில்லை. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் நான் இதையேதான் சொல்வேன்: எந்த வார்டில், யார் கையில், எந்த வேலைக்கு நடுவில் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

"விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மெஷினை நம்பலாமா?"

பெரும்பாலும் நம்பலாம், ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. 2020-ல் மிச்சிகன் ஆய்வாளர்கள் ரத்தத்தை நேரடியாகச் சோதித்த முடிவோடு இதை ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மையில் ஆக்ஸிஜன் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அடர்நிறத் தோல் உள்ள நமக்கும் இது முக்கியமான செய்தி. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், பேச முடியாமல் திணறினால், எண்ணைப் பார்த்துச் சும்மா இருக்காதீர்கள்.

"தப்பை ஒத்துக்கிட்டா கேஸ் போடுவாங்க. யாரு உண்மையைச் சொல்வா?"

கடினமான கேள்வி. இந்தியாவில் 1995-லிருந்து மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருகிறது. குற்ற வழக்குக்குச் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நஷ்ட ஈடு கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. இந்த ஆராய்ச்சி அதை மறுக்கவில்லை.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு வேறொரு கதவு வேண்டும். இங்கிலாந்தில் 1952 முதல், தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் பெயர், ஊர், மருத்துவமனை எல்லாம் நீக்கிவிட்டு நிபுணர்கள் ஆராய்கிறார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் இதே ரகசிய முறையில் செய்து வருகிறது. யாரைப் பிடிக்கலாம் என்று தேடாததால் உண்மை வெளியே வருகிறது. கூடவே ஒரு கோட்டையும் போட வேண்டும். களைப்பில் சிரிஞ்ச் மாறியவரையும், குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாமவருக்காக முறையை மாற்றுங்கள். இரண்டாமவர் மேல் நடவடிக்கை எடுங்கள். எங்கள் மருத்துவமனையிலும் இப்படித்தான் பிரிக்கிறோம். தவறு நேரப் பார்த்து நேராமல் தப்பிய சம்பவங்களை எழுதிக் கொடுக்கிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

"எங்ககிட்ட கேக்காம எங்க கேஸ் ஷீட்டை ஆராய்ச்சிக்கு எடுக்கறாங்களே, அது சரியா?"

மேலே சொன்ன மிச்சிகன் ஆய்வே இதில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு நோயாளியிடமும் கையெழுத்து வாங்கவில்லை என்று 2007-ல் அமெரிக்க அரசின் அமைப்பு தரவு சேகரிப்பை நிறுத்தச் சொன்னது. பெரும் எதிர்ப்பு வந்தது. 2008 பிப்ரவரியில் அது தன் முடிவை மாற்றிக்கொண்டு, தொடரலாம் என்றது. கை கழுவச் சொல்லிவிட்டு எத்தனை தொற்று என்று எண்ணுவது நோயாளிக்குப் புது ஆபத்து எதையும் கொண்டுவரவில்லையே.

நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள்படி, ஆபத்து மிகக் குறைவாக இருந்து, அடையாளம் நீக்கப்பட்ட தரவாக இருந்தால் தனித்தனி ஒப்புதல் தேவையில்லை என்று நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்கலாம். அதை முடிவு செய்வது அந்தக் குழு. ஆய்வு செய்கிறவரே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் சிகிச்சையையே மாற்றிப் பார்க்கும் ஆய்வென்றால் கட்டாயம் உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

"நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, போதாது. மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் நடத்துகிறது. நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். ரத்தம் ஏற்றுவதில் வரும் சிக்கல்களுக்கு 2012 முதல் தனித் திட்டம். நோயாளிப் பாதுகாப்புக்கான தேசியச் செயல்திட்டம் 2018-ல் வந்தது.

காகிதத்தில் இருப்பது வார்டுக்கு வர ஆள் வேண்டும். ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டர் முப்பது பேரைப் பார்க்கிற இடத்தில் எந்த ஆய்வு முடிவும் முழுசாக வேலை செய்யாது. நர்ஸ் எண்ணிக்கையும் நோயாளிப் பாதுகாப்பு விஷயம்தான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அட்டெண்டரா கூட இருக்கிற நான் என்ன செய்யறது?"

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் (சித்த மருந்து, லேகியம் உட்பட) கையில் வைத்திருங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்லுங்கள். ஊசி போடும் முன் நோயாளியின் முழுப் பெயரைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். ‘இது என்ன மருந்து, எதுக்கு’ என்று கேளுங்கள். தினமும் ஒரு கேள்வி: ‘இந்த யூரின் டியூப் இன்னைக்கும் வேணுமா? கையில போட்ட இந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாய் இன்னும் தேவையா?’ மிச்சிகனின் ஐந்தாவது படி அதுதான்.

"கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரே?"

சிலர் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பயந்து எத்தனை பேர் வாய் மூடி நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல் ‘ரயான் விதி’ இருக்கிறது. இங்கிலாந்தில் 2024-ல் ‘மார்த்தா விதி’யைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். நோயாளி மோசமாகிக்கொண்டே போகிறார், வார்டில் கேட்கவில்லை என்று வீட்டார் நினைத்தால், வேறொரு குழுவை நேரடியாகக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். இரண்டுமே, பெற்றோர் சொல்லியும் கேட்கப்படாமல் இறந்த பிள்ளைகளின் பெயரில் வந்தவை.

நம் ஊரில் அப்படியொரு பொதுவிதி இல்லை. அதனால் சொல்லும் விதத்தில் கவனம் வையுங்கள். ‘சரியா பாக்க மாட்டேங்கறீங்க’ என்றால் சண்டையாகிவிடும். ‘சார், காலையில எழுந்து உக்காந்தாங்க, இப்ப கூப்பிட்டா கண்ணு மட்டும்தான் திறக்கறாங்க, மதியத்துல இருந்து யூரின் போகலை’ என்று பார்த்ததை நேரத்தோடு சொன்னால் எந்த டாக்டரும் நின்று கேட்பார். கேட்காவிட்டால் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், அப்புறம் டியூட்டி டாக்டர், அப்புறம் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர். அரசு மருத்துவமனையிலும் ஆர்.எம்.ஓ. அறை உண்டு, இரவிலும் ஒரு பொறுப்பு டாக்டர் இருப்பார். அட்மிஷன் போட்ட அன்றே அவர்களை எங்கே பார்க்கலாம் என்று கேட்டு, எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.